தோகை கட்டிய பெண்மயில்கள்

ஏரிக்கரைக் காட்டில் அல்லி, பிச்சி, தாழை என்று மூன்று பெண்மயில்கள் இருந்தன. பெண்மயிலுக்குத் தோகை கிடையாது. அதனால் ஆண்மயில்கள் உதிர்த்த இறகுகளைப் பொறுக்கி, கொடியால் இடுப்பில் கட்டிக்கொண்டு, மாலைதோறும் பாறைமேல் ஏறி ஆடின. ஆட்டத்தோடு பாட்டும் உண்டு. அதைக் கேட்டால் மான்கள் மேய்ச்சலை மறந்துவிடும். முயல்கள் வளையை விட்டு ஓடிவரும்.

எல்லோருக்கும் முன்னால் ஒரு காட்டுப்பன்றி உட்கார்ந்திருக்கும். அதன் பெயர் கட்டையன்.

"அல்லி! இந்தப் பக்கம் ஒரு தடவை பார்!" என்று அது கத்தும். அல்லி பார்த்துவிட்டால் போதும், அன்றைக்குக் கட்டையனுக்குக் கிழங்குகூட வேண்டாம்.

தூரத்திலிருந்து ஒரு நரியும் பார்த்தது. ஆட்டத்தை அல்ல, மயில்களின் கொழுத்த தொடைகளை!

"இவ்வளவு இறகைக் கட்டிக்கொண்டு இவர்களால் பறக்க முடியாது. ஆனால் கூட்டம் இருக்கும்வரை கிட்டே போக முடியாதே! முதலில் கூட்டத்தைக் கலைக்க வேண்டும்" என்று நினைத்தது.

மறுநாள் ஆட்டம் சூடுபிடித்த நேரம். நரி பாறையடியில் வந்து நின்றது.

"ஏமாந்த ஜனங்களே! அது தோகை இல்லை, கட்டின இறகு! கொடி முடிச்சைப் பாருங்கள்!"

எல்லோரும் பார்த்தார்கள். முடிச்சு தெரிந்தது.

நரி பாறைக்குப் பின்னால் இருந்த புதரைக் காலால் விலக்கியது. உள்ளே ஒரு குயில் பாடிக்கொண்டிருந்தது.

"பாட்டும் இவர்களுடையது இல்லை! வாயை மட்டும்தான் அசைக்கிறார்கள்!"

குயில் பயந்துபோய்ப் பாட்டை நிறுத்தியது. பாட்டு நின்ற பிறகும் பாவம், தாழையின் வாய் அசைந்துகொண்டே இருந்தது.

"மோசம் போனோம்!" என்றன மான்கள்.

"வெட்கமாக இல்லையா?" என்று கத்தின முயல்கள்.

கூட்டம் கலைந்தது. கட்டையன் மட்டும் எழுந்திருக்கவில்லை.

"நீயும் போயேன்! உன்னைத்தான் அதிகமாக ஏமாற்றியிருக்கிறார்கள்" என்றது நரி.

"என்னை யாரும் ஏமாற்றவில்லை. நான் அந்தப் புதரடியில்தான் கிழங்கு தோண்டுகிறேன். குயிலை முதல் நாளே பார்த்துவிட்டேன். இறகைக் கட்டிக்கொண்டு சுற்றப் பழகும்போது பிச்சி தலைகுப்புற விழுந்ததையும் பார்த்தேன். எழுந்து மறுபடி சுற்றினாள், உச்சி வெயிலில்!"

"அதற்குப் பிறகுமா ரசித்தாய்?"

"அதற்குப் பிறகுதான் அதிகமாக ரசித்தேன்!"

நரிக்குப் பொறுமை போயிற்று. அல்லியின் மேல் பாய்ந்தது. அல்லி சிறகடித்தது. இறகுக் கட்டு அதைக் கீழே இழுத்தது. நரியின் பல் கழுத்துக்கு அருகே வந்துவிட்டது!

கட்டையன் ஒரே தாவில் பாறைமேல் ஏறி, ஓங்கி முட்டியது. நரி உருண்டுபோய் ஏரிச் சேற்றில் விழுந்தது. எழுந்து, திரும்பிப் பார்க்காமல் ஓடியது.

அல்லி இறகுக் கட்டை அவிழ்த்துப் போட்டது. "நாளையிலிருந்து இந்த வேஷமே வேண்டாம். இருக்கிறபடியே வந்து நிற்கிறோம்" என்று அழுதது.

"ஐயையோ! எனக்கு அந்தத் தோகை பிடிக்கும்!" என்று பதறியது கட்டையன். "கட்டிக்கொண்டே ஆடுங்கள். ஆபத்து வந்தால் ஒரே இழுப்பில் அவிழ்கிற மாதிரி முடிச்சுப் போடுங்கள். குயிலையும் வெளியே கூப்பிடுங்கள்."

"என் பெயரைச் சொன்னால் போதும்!" என்று புதருக்குள்ளிருந்து குரல் வந்தது. "நாலு பேரைப் பார்த்தால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்!"

மறுநாள் மாலை மூன்று மயில்களும் தலைநிமிர்ந்து பாறைமேல் நின்றன.

"பாடுவது குயில்! இறகு ஆண்மயில்களுடையது! ஆட்டம் எங்களுடையது!" என்று அல்லி உரக்கச் சொன்னது.

பாட்டு காடெங்கும் பரவியது. முதலில் ஒரு முயல் வந்தது. பிறகு மான்கள் ஒவ்வொன்றாக வந்தன.

"கட்டின தோகைதானே அது?" என்று முயல் கட்டையனின் காதில் கேட்டது.

"ஆமாம்! எவ்வளவு அழகாகக் கட்டியிருக்கிறார்கள்! பேசாமல் பார்!"

வேஷத்துக்குப் பின்னால் இருக்கும் உழைப்பைத் தெரிந்துகொண்டு நேசிப்பவரின் அன்பை யாராலும் கலைக்க முடியாது.