பன்னிரண்டு விநாடித் துக்கம்

ஒரு வீடியோ கேமுக்குள்ளே ஒரு வீரன் இருந்தான். பேர் வேங்கைமாறன். ஆளைப் பார்த்தால் மலை மாதிரி இருப்பான். ஆனால் அவன் பட்ட பாடு இருக்கிறதே, அது எதிரிக்கும் வரக்கூடாது.

மூன்றாம் கட்டத்தில் ஒரு மரப்பாலம். அங்கே அவன் தங்கை அல்லி அம்பு பட்டு விழுவாள். விழும்போது, "அண்ணே, நீ சாப்பிட்டியா?" என்று கேட்பாள். அவ்வளவுதான் அவள் பேச்சு. ஆடுகிறவர் தோற்று மறுபடி ஆரம்பித்தால், மறுபடி விழுவாள். ஆயிரம் தடவைக்கு மேல் விழுந்தாயிற்று.

அவள் விழுந்ததும் துக்கம் வரும். விளையாட்டைச் செய்தவர்கள் அதற்கு ஒதுக்கியது பன்னிரண்டு விநாடி. திரை சாம்பல் நிறமாகும், வீரனின் கை நடுங்கும். அப்புறம் வாள் செக்கச்செவேலென்று எரியும், வெட்டும் பலம் இரண்டு மடங்காகும். "அடடா, வீரனோட மனக்காயத்தை என்னமா காட்டியிருக்காங்க!" என்று ஊரெல்லாம் ஒரே பாராட்டு. அவர்களுக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

"எனக்கு அலுத்துப்போச்சுப்பா," என்றது துக்கம். "அழவைக்கத்தானே வந்தேன்? இங்கே வாளுக்குச் சாணை பிடிச்சுக்கிட்டு கிடக்கேன்."

"நான் கேட்டேனா?" என்று வாள் எரிந்து விழுந்தது. "உன்னாலதான் எனக்கு ரெட்டை வேலை."

"சும்மா இருங்க ரெண்டு பேரும்," என்றான் வேங்கைமாறன். "அவ பக்கத்துல கொஞ்ச நேரம் உட்கார்ந்து மனசார அழணும். வேற ஒண்ணும் வேண்டாம். அவ குரலே மறந்துக்கிட்டு வருது."

திரை மூலையில் இருந்த ஸ்கிப் பொத்தான் தலை குனிந்தது. "என்மேல கோவப்படாதீங்க அண்ணே. அமுக்கினா நான் தாண்டித்தானே ஆகணும்? இந்த வீட்டு அக்காவும் தம்பியும் ஜெயிக்கிற அவசரத்துல, அந்தப் பொண்ணு வாயைத் திறக்கறதுக்குள்ள அமுக்கிடறாங்க."

அக்கா பூங்கோதை, கூரியர் ஆபீஸில் வேலை பார்க்கிறவள். தம்பி எழிலன், காலேஜில் படிக்கிறவன். இருவரும் சேர்ந்துதான் ஆடுவார்கள்.

நாலு நாள் யாருமே டிவி பக்கம் வரவில்லை. ஐந்தாம் நாள் காலையில் பூங்கோதை மட்டும் வந்தாள். தலை வாரவில்லை, கண் வீங்கியிருந்தது. சுவரில் மாலை போட்ட புதுப் படம். படத்தில் எழிலன் சிரித்துக்கொண்டிருந்தான். பைக் விபத்தாம்.

விளையாட்டைப் போட்டாள். பாலம் வந்தது. அல்லி விழுந்தாள். "அண்ணே, நீ சாப்பிட்டியா?"

பூங்கோதை ஸ்கிப்பை அமுக்கவில்லை. பன்னிரண்டு விநாடி போனது. வாள் எரிந்தது. அவள் எதையும் தொடாமல் அல்லியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாலத்தைத் தாண்டினால்தான் எதிரிகள் வருவார்கள். அதுவரை அண்ணனையும் தங்கையையும் ஏனென்று கேட்க ஆளில்லை.

"உட்காருப்பா, இதை விட்டா கிடைக்காது!" என்று துக்கம் பரபரத்தது.

வேங்கைமாறன் முழங்காலை மடக்கப் பார்த்தான். மடங்கவில்லை. பாவிகள், வெட்டுவதற்கு மட்டும் அறுபது விதம் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். உட்கார ஒரு விதம்கூட இல்லை. கண்ணீருக்கு வழியே வைக்கவில்லை. யாரும் தொடாமல் விட்டால் அவன் வாளைச் சுழற்ற வேண்டும், அதுதான் அவனுக்குப் போட்ட உத்தரவு. செத்துக் கிடந்த தங்கையின் தலைமாட்டில் நின்று வாளைச் சுழற்றினான்.

"ஐயோ, நிறுத்தேன்!" என்று வாளைக் கெஞ்சினான்.

"என் கையிலயா இருக்கு?" என்றது வாள்.

துக்கம் திரைக்கு வெளியே பார்த்தது. பூங்கோதையின் உதடு துடித்தது, விம்மல் வெடித்தது. இங்கேயாவது நமக்கு வேலை இருக்கிறதே என்று துக்கம் எழுந்து அவளிடம் போனது. அதற்குள் போன் அடித்தது.

"சொல்லுங்க சார்... ஆமா சார், மூணு நாள்தான் லீவு கேட்டிருந்தேன். இல்ல சார், இப்ப பரவாயில்ல. இன்னிக்கே வந்துடறேன்."

துப்பட்டாவால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு குளிக்கப் போனாள்.

துக்கம் பாதி வழியில் நின்றுவிட்டது.

"ஏன் நிக்கிற? இங்கேயே வந்துடு," என்றான் வேங்கைமாறன்.

"உனக்கு அழத் தெரியாது. அவளுக்கு அழ நேரமில்லை," என்றது துக்கம். "நான் யார்கிட்டதான்ப்பா போறது?"