முதல் மிடறு

மேலச்சுனை ஜமீனில் ஆண்டுதோறும் மலைக்கோயில்வரை இரண்டு காத ஓட்டம் நடக்கும். முந்தின நாள், அரண்மனையில் கஞ்சி காய்ச்சும் சிலம்பாயியைக் கூப்பிட்டு ஜமீன்தார் ஒரு கறுப்பு லேகியத்தைக் கொடுத்தார்.

"நம்ம ஓட்டக்காரன் கொம்பையனோட கஞ்சியில இதைக் கலந்துடு. களைப்பே தெரியாம ஓடுவான். அவன்கிட்ட மூச்சு விட்டே, உனக்கு இங்க வேலை இல்லை."

"உடம்புக்கு ஒண்ணும் பண்ணாதுங்களே, எசமான்?"

"அமிர்தம் போடி."

ஓடுகிறவனுக்குக் கஞ்சி கொடுப்பவர், ஊர் பார்க்க முதல் மிடறு குடித்துக் காட்டுவது அங்கே வழக்கம். மறுநாள் சிலம்பாயி கலயத்தை ஜமீன்தாரிடமே நீட்டினாள்.

"அமிர்தம் கொடுத்தது எசமான். முதல் மிடறும் எசமானுக்குத்தான்."

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. ஜமீன்தார் இரண்டடி பின்வாங்கினார்.

"எனக்கு வேண்டாம். போன வருஷம் இதைத் தின்ன குதிரையே செத்துப்போச்சு," என்று உளறிவிட்டார்.

சிலம்பாயி நிதானமாக ஒரு மிடறு குடித்தாள். "வெறும் உப்புக் கஞ்சிதாங்க. லேகியம் நேத்தே அடுப்புக்குள்ள போயிடுச்சு."

ஊர் முன்னால் அவளை விரட்ட முடியாமல், ஓட்டத்தைத் தொடங்கச் சொல்லி ஜமீன்தார் கையசைத்தார்.

மிச்சக் கஞ்சியைக் குடித்துவிட்டு ஓடிய கொம்பையன் மூன்றாவதாகத்தான் வந்தான். பரிசாகக் கிடைத்த துண்டோடு நேரே சிலம்பாயியிடம் போய்க் கும்பிட்டான்.

"லேகியத்தோட ஓடியிருந்தா, ஜெயிச்ச மாலையை என் பொணத்துக்குப் போட்டிருப்பாங்க அக்கா. இந்தத் துண்டு என் காலு சம்பாதிச்சது. இதுல வேர்வை துடைக்க நான் இருக்கேனே, அது நீங்க கொடுத்தது."