பேராசான் வீட்டுப் பலகை

முன்னொரு காலத்தில் வேம்பநாட்டைப் பூபதிவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். தினமும் யாருக்காவது பட்டம் கொடுக்காவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. அரண்மனைச் சமையல்காரன்கூட ‘ரசச் சக்கரவர்த்தி’தான்.

கல்விச்சாலையில் இரண்டு வைத்திய ஆசிரியர்கள் ஒன்றாக ஓய்வு பெற்றார்கள். ஒருவர் மாசிலாமணியார். விஷக்கடி மருந்துகளைப் பற்றி அவர் எழுதிவந்த நூல் பாதியில் நின்றது. அதற்கு வேண்டிய சுவடிகள் இருந்த ஏட்டுச்சாலைக்குள் ஓய்வு பெற்றவர் நுழையக்கூடாது. ‘ஆயுட்காலப் பேராசான்’ பட்டம் பெறும் ஒருவருக்கு மட்டும் அனுமதி உண்டு. இன்னொருவர் தாண்டவராயர். வகுப்பில் தூங்கியே காலம் தள்ளியவர். ராஜாவுக்கு வெற்றிலை மடித்துக் கொடுப்பதில் மட்டும் கெட்டிக்காரர். பட்டம் யாருக்குப் போயிருக்கும்? தாண்டவராயருக்குத்தான். அன்றே வாசலில் பெரிய பித்தளைப் பலகை மாட்டிக்கொண்டார். ஏட்டுச்சாலைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மாசிலாமணியார் மந்திரி காளத்தியிடம் போனார். “பட்டத்தை அவரே வைத்துக்கொள்ளட்டும் ஐயா. ஏடுகளைப் பார்க்க விட்டால் போதும். நூலை முடிக்காமல் நான் போய்விட்டால், பாம்பு கடித்தவன் கதி என்ன?”

மந்திரி ராஜாவிடம் போய், “மகாராஜா, ஆயுட்காலப் பேராசானுக்குச் சம்பளம்தானே நின்றது, பாடம் நிற்கவில்லையே? சந்தேகம் உள்ளவர்கள் எந்நேரமும் அவர் கதவைத் தட்டலாம் என்று பறையறைந்தால் தங்கள் பட்டத்துக்கு எவ்வளவு பெருமை!” என்றார்.

“தாராளமாக அறிவியும்” என்றான் ராஜா.

மறுநாள் தாண்டவராயர் பல் விளக்குவதற்குள் வாசலில் கூட்டம். எல்லாரும் பழைய மாணவர்கள். முன்னால் நின்றவருக்குத் தலையே நரைத்துவிட்டது.

“ஐயா, பித்த நாடிக்கும் வாத நாடிக்கும் என்ன வித்தியாசம்? முப்பது வருஷத்துக்கு முன்னால் கேட்டேன். நீங்கள் குறட்டை விட்டீர்கள்.”

தாண்டவராயர் கதவைத் தாழிட்டு, ஜன்னல் வழியே கத்தினார்: “பக்கத்து வீட்டு மாசிலாமணியைப் போய்க் கேளுங்கள்!”

கூட்டம் அப்படியே நகர்ந்தது. மந்திரி அழைத்துவந்த ராஜா தெருமுனையில் நின்று எல்லாவற்றையும் பார்த்தான். அவனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அங்கேயே பட்டத்தையும் ஏட்டுச்சாலைச் சாவியையும் மாசிலாமணியாருக்குக் கொடுத்தான்.

தாண்டவராயர் ஓடிவந்து காலில் விழுந்தார். “மகாராஜா, பலகையையாவது விட்டுவையுங்கள். ஊர் சிரிக்கும்.”

ராஜா மந்திரியைப் பார்த்தான்.

“இருக்கட்டும் மகாராஜா, பாவம். கீழே ஒரு வரி மட்டும் சேர்த்துவிடலாம்” என்றார் மந்திரி.

சாயங்காலமே கன்னான் வந்து பொறித்துவிட்டுப் போனான்: ‘சந்தேகங்களுக்குப் பக்கத்து வீடு.’