முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று

தெய்வானையின் பட்டறையில் ஒரு கார் உருவாகிக்கொண்டிருந்தது. அதற்கு இரண்டு இன்ஜின்கள். முன்னால் இருப்பது முன் சக்கரங்களைச் சுழற்றும், பின்னால் இருப்பது பின் சக்கரங்களை. மிதிக்க ஆக்ஸிலேட்டர் ஒன்றுதான்.

முன் இன்ஜினைப் பூட்டியவள் மெர்லின். பின் இன்ஜினைப் பூட்டியவர் சபாபதி. இருவரும் தெய்வானை மேஸ்திரியிடம் தொழில் கற்க வந்தவர்கள். சபாபதி குருவைவிட மூத்தவர். மெர்லினுக்கு முன்பே வந்தவர்.

பார்க்க வருகிறவர்கள் முதலில் முன் பானெட்டைத்தான் திறப்பார்கள்.

"ஒயர் கட்டியிருக்கிற அழகைப் பாருங்க. யார் கைங்க இது?"

பின்னால் வந்ததும் சிரிப்பார்கள்.

"அட, இங்கயும் ஒண்ணா."

சபாபதி கையைத் துடைத்துக்கொண்டே இருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதையில் பந்தயம். யார் ஓட்டுவது என்பதை வெள்ளோட்டம் பார்த்துச் சொல்வதாகத் தெய்வானை கூறியிருந்தார்.

வெள்ளோட்டத்தன்று மெர்லின் டீ வாங்கப் போனாள். சபாபதி முன் இன்ஜினின் ஆக்ஸிலேட்டர் கேபிளைத் தளர்த்தினார்; இனி மிதித்தாலும் அது இழுக்காது. ஸ்பேனரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

தெய்வானை ஓட்டினார். சபாபதி பக்கத்தில் உட்கார்ந்தார். மெர்லின் ஸ்கூட்டரில் பின்தொடர்ந்தாள். ஏற்றம் முழுக்கச் சபாபதி தன் இன்ஜினின் சத்தத்தை மட்டுமே கேட்டுக்கொண்டு வந்தார்.

"கேட்டீங்களா மேஸ்திரி? என்னுதுதான் இழுக்குது."

"கேக்குதுங்க."

மேலே, சமதளத்துக்கு வந்ததும் ஆவி கிளம்பியது. பின்னாலிருந்து.

சபாபதி இறங்கி ஓடினார். முன் பானெட்டையும் தொட்டுப் பார்த்தார். வெதுவெதுப்பாகத்தான் இருந்தது.

"என்னுது மட்டும் ஏங்க கொதிக்குது?"

தெய்வானை இரண்டு இன்ஜின்களையும் அணைத்தார். பின் இன்ஜினை நியூட்ரலில் போட்டார். முன் இன்ஜினைக் கியரிலேயே விட்டார்.

"கொஞ்சம் தள்ளுங்க."

சபாபதி தள்ளினார். நெற்றி நரம்பு புடைத்தது. கார் அசைந்து, நின்றது.

"முன்னால இருக்கறதையும் நியூட்ரல்ல போடுங்க மேஸ்திரி. இல்லாட்டி அந்த இன்ஜினையும் சேர்த்தில்ல நான் சுத்தோணும்."

"ஆமாங்க. அடிவாரத்துல இருந்து உங்க இன்ஜின் அதைத்தான் சுத்திட்டு வந்துச்சு."

சபாபதியின் கை சட்டைப் பைக்குப் போனது.

ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு மெர்லின் கேனோடு வந்தாள்.

"அண்ணா, தண்ணி கொண்டாந்திருக்கேன். சூடு ஆறட்டும், நானே ஊத்தறேன். நீங்க கையைச் சுட்டுக்காதீங்க."

சபாபதி ஸ்பேனரை வெளியே எடுத்தார். முன் பானெட்டைத் திறந்து கேபிளை இறுக்கினார்.

"அண்ணா, கொதிக்கிறது பின்னாலண்ணா."

அவர் பானெட்டை மூடினார். நிமிர்ந்தபோது தெய்வானை அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை நான் இல்லைங்களா, மேஸ்திரி?"

தெய்வானை சாவியை மெர்லினிடம் நீட்டிவிட்டுச் சபாபதியிடம் திரும்பினார்.

"நீங்க பக்கத்துல உக்காருங்க. இதுல உங்க இன்ஜின் சத்தம் எதுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாத அன்னிக்கு வந்து சொல்லுங்க. சாவி தர்றேன்."