ஆன்டெனாவுக்கு ஈரச் சாக்கு

சத்தியம்! சத்தியம்! இதில் ஓர் எழுத்துப் பொய் என்றாலும் என் பல்செட்டு நாளைக்கே கிணற்றில் விழட்டும்!

ஓட்டைக்குளத்தில் அந்த வருஷம் விதைக்கடலை மூட்டை கட்டித் தயாராக இருந்தது. முதல் மழையில் விதைக்காவிட்டால் ஊருக்கே கஞ்சி கிடையாது.

அப்போது ஒரு இன்ஜினியரம்மா வந்து, பஞ்சாயத்து மொட்டை மாடியில் கம்பம் நட்டு, கவிழ்த்த சட்டி மாதிரி ஒரு ஆன்டெனாவைப் பொருத்தினார்.

"வழி காட்டுற செயற்கைக்கோள் சிக்னல் இதுல விழும். காத்துல ஈரம் கூடினா சிக்னல் தாமதமாகும். அதை வச்சு மழை வருமான்னு வானிலை ஆபீஸ்ல சொல்லிருவோம். பத்திரமாப் பாத்துக்குங்க."

பத்திரமாகத்தான் பார்த்தார்கள். உச்சி வெயிலில் அதைத் தொட்ட தலைவர் பிச்சைக்கனி அலறினார்: "ஐயையோ, காய்ச்சல் கொதிக்குது!"

"பின்னே? நாள் பூரா வெயில்ல நிக்குதுல்லா! ஈரச் சாக்கு போடுங்க அண்ணாச்சி" என்றாள் சுடலி.

போட்டார்கள். ஆளுக்கொரு குடம் ஊற்றவும் செய்தார்கள். சாக்கு ஈரத்தில் சிக்னல் தடுமாறியது. ஆபீஸ்காரர்கள் ஜன்னலைத் திறந்து வானத்தைப் பார்க்கிற ஜாதியா? கம்ப்யூட்டரைப் பார்த்து, "ஓட்டைக்குளத்தில் பேய்மழை" என்று அறிவித்துவிட்டார்கள். ஒரு தூறல் இல்லை.

இன்ஜினியரம்மா ஓடி வந்தார். சாக்கைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

"இனிமே இது மேல ஒரு சொட்டுத் தண்ணி பட்டுச்சு, கம்பத்தைப் பிடுங்கிட்டுப் போயிருவேன்!"

மறுநாள் வெளுத்து வாங்கியது. நிஜ மழை!

கொம்பையா விதை மூட்டையைத் தூக்கினார். தலைவர் மறித்தார்.

"எங்கவே போறீரு? ஆன்டெனா நனையுது!"

"மழை பெய்யுதே, விதைக்க வேண்டாமா?"

"கம்பத்தைப் பிடுங்கிட்டா, மழை பெய்யுதுன்னு நமக்கு எப்படிவே தெரியும்?"

கொம்பையா யோசித்தார். நியாயமாகத்தான் பட்டது. மூட்டையை இறக்கினார்.

ஊரே மாடியேறி, ஆன்டெனாவுக்கு மேல் தகரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மழை ஓயும்வரை நின்றது. தகரத்தைத் தாண்டி ஒரு சிக்னல் உள்ளே போகவில்லை. ஆபீஸிலிருந்து இன்ஜினியரம்மா போன் போட்டார்.

"ஒண்ணுமே பதிவாகலையே, தண்ணி ஏதும் விழுந்துச்சா?"

"ஒரு சொட்டு விழலம்மா! விட்டுருவோமா நாங்க?" என்றார் தலைவர்.

சாயங்காலம் ரேடியோ சொன்னது: "ஓட்டைக்குளத்தில் மழை இல்லை."

கொம்பையா நனைந்த வேட்டியைப் பிழிந்துகொண்டே அதைக் கேட்டார். முகமெல்லாம் நிம்மதி.

"நல்லவேளை தலைவரே! விதைச்சிருந்தா அம்புட்டும் கருகியிருக்கும்."

சொன்னது யார் என்று மட்டும் யாரிடமும் மூச்சு விட்டுவிடாதீர்கள். என் மகளை அந்த ஊரில்தான் கட்டிக்கொடுத்திருக்கிறேன்.