பாதி அப்பளம்

கதிர்வேலுவுக்கு வயது அறுபத்திரண்டு. அவருடைய குருவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. மலையடிவாரத்தில் சின்னதாய் ஒரு மடம் நடத்திய அந்தத் துறவியை எல்லோரும் அம்மா என்றார்கள். மகள் வயதுக்காரரை அப்படிக் கூப்பிட அவருக்கு முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

அன்று அவர் வந்தது புகார் சொல்ல. புகார், மனைவி பொற்கொடியைப் பற்றி.

பொற்கொடிக்குச் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு இரண்டும் உண்டு. கால்விரல் மரத்துப்போய் டாக்டரிடம் போனபோது, சாப்பாட்டை மாற்றாவிட்டால் விரலையே எடுக்க வேண்டிவரும் என்றார் அவர். கதிர்வேலு வெலவெலத்துப் போனார். அன்று சாயங்காலமே அரிசி, ஊறுகாய் ஜாடி, கருவாடு எல்லாவற்றையும் வீட்டைவிட்டு வெளியேற்றினார். அடுப்படியைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டார். காலையில் கேழ்வரகுக் கூழ், மதியம் உப்புப் போடாத கீரை, இரவு கம்பு. வீட்டுக்குள் போலீஸ் ஸ்டேஷன் திறந்துவிட்டார் மனிதர்.

பொற்கொடி எட்டு நாள் பொறுத்தாள். ஒன்பதாம் நாள் தட்டைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டாள். ஆறு மாதமாக அங்கேதான் சாப்பாடு. பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு மேலே சோறும் அப்பளமும் நீட்டுகிறாள். அப்பளம் நொறுங்கும் சத்தம் கதிர்வேலு காதில் விழுகிறது.

“ஏன் இப்படிப் பண்றேன்னு கேட்டேம்மா. உங்க கண்ணு முன்னாடி எனக்கு முழுங்க முடியலங்கிறா.”

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

“முன்னே எப்படிச் சாப்பிடுவீங்க?”

முப்பத்துநாலு வருஷம் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். கல்யாணமான புதிதில் கையில் காசு கிடையாது, ஒரே ஒரு அப்பளம்தான் பொரிப்பாள். உடைத்து, பெரிய துண்டை அவர் தட்டில் போடுவாள். அவர் அதைத் திருப்பி அவள் தட்டில் வைப்பார். பிறகு வசதி வந்தது. அப்பளம் மட்டும் ஒன்றாகவே இருந்துவிட்டது. அந்தச் சின்னச் சண்டை இல்லாமல் இருவருக்கும் சோறு இறங்காது.

இவ்வளவையும் அம்மாவிடம் சொன்னார். அவள் எதிரே இல்லாத கூடத்தில் தனியாகச் சாப்பிட அவருக்குப் பிடிக்கவே இல்லை. அதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

“இப்ப எத்தனை அப்பளம் சாப்பிடறாங்க?”

“முழுசா ஒண்ணு. சில நாள் ரெண்டு.”

சாப்பாட்டு மணி அடித்தது. வழக்கமாகக் கடைசிப் பந்தியில் சாப்பிடும் அம்மா, அன்று முதல் பந்தியிலேயே கதிர்வேலுவுக்கு எதிரே உட்கார்ந்தார். தன் இலையில் விழுந்த அப்பளத்தை இரண்டாக உடைத்து, பெரிய துண்டை அவர் இலையில் வைத்தார்.

கதிர்வேலுவின் கை தன்னை அறியாமல் அதைத் திருப்பி வைக்கப் போனது. பாதி வழியில் நின்றது.

“நான் கேட்டதுக்குப் பதிலே சொல்லலையேம்மா. அவளை எப்படி மாத்துறது? கீரை, கம்பு எல்லாம் எப்பத்தான் சாப்பிடுவா?”

“ஒரே நாள்ல வேண்டாம். சோத்துப் பக்கத்துல ஒரு கரண்டி கீரை வைங்க. நாளைப் பாடு நாளைக்கு.”

“அப்பளம்?”

“முப்பத்துநாலு வருஷமா பாதிதானே சாப்பிட்டுட்டு இருந்தாங்க? மறுபாதி வாங்கிக்க எதிர்ல ஆள் இல்லையே, ஐயா.”

கதிர்வேலு அந்தப் பெரிய துண்டை எடுத்து அம்மாவின் இலையில் திருப்பி வைத்தார்.