விளிம்பில் நின்ற கேளைமான்

அந்த மலைக்குடியில் பெண் எடுப்பவன் தானே ஒரு மானை வேட்டையாடி, முழுதாகத் தோளில் சுமந்து வந்து, பெண் வீட்டு வாசலில் இறக்க வேண்டும். இல்லையென்றால் பெண் கிடையாது, வந்தவன் மன்னனாகவே இருந்தாலும் சரி.

சேந்தன் மன்னன் இல்லை. சமவெளிப் படையில் வில்லாளியாக இருந்தவன். நாற்பது வயதில் ஒரு மலைப்பெண்ணிடம் மனதைப் பறிகொடுத்துவிட்டான். அவளுடைய அக்கா வெள்ளச்சிதான் குடியின் வேட்டைத் தலைவி. அவனுக்கு வேட்டை சொல்லித்தரும் பொறுப்பும் அவள் தலையிலேயே விழுந்தது. மழை பிடித்துக்கொண்டால் கல்யாணம் அடுத்த வருடம்தான்.

"என் குறி தப்பினதே இல்ல" என்று வந்த அன்றே அவன் மார்தட்டியிருந்தான்.

விடியற்காலையில் இருவரும் சரிவில் ஏறினார்கள்.

"மான் கீழதானே மேயுது, ஆசானே? நாம ஏன் மேல போறோம்?"

"வெயில் ஏறினா காத்தும் மேல ஏறும். நம்ம வாடை அதுக்குப் போகாது. மான் ஆபத்தைக் கீழதான் தேடும், மேல பாக்காது. பேசாம நடங்க மாப்பிள்ளை."

அவள் சொன்னது சரியாக இருந்தது. கண்ணுக்கு நேர் கீழே, பள்ளத்தின் விளிம்பில் ஒரு கேளைமான் நின்றது. சேந்தன் நாணை இழுத்தான். வெள்ளச்சி அவன் கையை அழுத்திப் பிடித்தாள். மான் துள்ளி மறைந்தது.

அவனுக்குக் கல்யாணமே கைநழுவிப் போனதுபோல் இருந்தது.

"ஏன் தடுத்தீங்க? அம்பை விட்டிருந்தா அது செத்த மான்!"

அவள் அவன் தோளிலிருந்த தண்ணீர்க் குடுக்கையைக் கழற்றி, இறங்கிப்போய் அதே விளிம்பில் வைத்துவிட்டு வந்தாள்.

"இதை அடிங்க."

அம்பு நடுவில் பாய்ந்தது. குடுக்கை உருண்டு பள்ளத்தில் விழுந்தது. அது பாறையில் மோதிய சத்தம் வெகுநேரம் கழித்தே கேட்டது.

"அருமையான குறி. எனக்குத் தாகமா இருக்கு, எடுத்துட்டு வாங்க."

சேந்தன் எட்டிப் பார்த்தான். அடி தெரியவில்லை.

நண்பகலில் வேறொரு கேளைமான் விளிம்புக்கு வந்தது. அவன் நாணை இழுத்தான், ஆனால் விடவில்லை.

"என்ன மாப்பிள்ளை, கை நடுங்குதா?" என்று அவள் காதோடு கேட்டாள்.

அவன் மானின் காலடியையே பார்த்துக்கொண்டிருந்தான். மான் புல்லைக் கடித்துக்கொண்டே சமதரைக்கு வந்தது. அப்புறம்தான் அம்பை விட்டான். மான் நின்ற இடத்திலேயே சாய்ந்தது.

சேந்தனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"இப்போ சொல்லுங்க ஆசானே, நான் வேட்டைக்காரன்தானே?"

வெள்ளச்சி அதற்குள் நடக்கத் தொடங்கியிருந்தாள்.

"தோள்ல போடுங்க. வாசல்ல இறக்கிட்டுக் கேளுங்க."